சீனாவுல அளவு குடுத்து சைக்கிளுக்கு டைட்டானியம் ஃப்ரேம் வாங்கலாமா: திருமங்கலம் தம்பி கேட்டதுக்கு

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். உசரம் 6 அடி 2 அங்குலம், வெயிட்டு 92 கிலோ, காலு நீளம் உடம்பு குட்டை. இப்ப ஓட்டுற 58 சைஸ் அலுமினியம் சைக்கிள்ல ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் புடிச்சிருக்குற கட்டை) கீழ ஸ்பேசரா, அதாவது உசரம் ஏத்துற வளையமா அடுக்கி வச்சும் கழுத்து வலி போகல. 200, 300 கி.மீ பிரெவே (நேரம் வச்சு ஓட்டுற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) முடிச்சாச்சு, அடுத்து 600 போகணும், கையில ஒன்றரை லட்சம் இருக்கு. சீனாவுல அளவு குடுத்து டைட்டானியம் ஃப்ரேம் செஞ்சு வாங்கலாமா அண்ணே, காசை அமுக்கிருவாங்களா, கஸ்டம்ஸ்ல எம்புட்டு போகும்னு கேட்டிருக்க.

வாங்கலாம். காசை அமுக்கிட்டு ஓடிருவாங்கங்குற பயம்லாம் பேரு தெரிஞ்ச ஆளுங்ககிட்ட வாங்குனா தேவையில்ல. நீ பயப்பட வேண்டியது வேற இடத்துல இருக்கு. நீ ஓகே சொன்ன டிராயிங் எதுவோ அதை அவங்க அப்படியே செஞ்சு அனுப்புவாங்க, அதுல தப்பு இருந்தா அந்தத் தப்போடயே ரொம்ப அழகா வெல்டு அடிச்சு அனுப்புவாங்க, உனக்கு இது சரி வராதேன்னு ஒருத்தரும் போன் போட்டு கேக்கமாட்டாங்க. அமெரிக்காவுல மூட்ஸ், செவன் மாதிரி கம்பெனிக்காரங்க இதே மாதிரி ஃப்ரேமுக்கு மூணு மடங்கு நாலு மடங்கு வாங்குறாங்கள்ல, அதுல ஒரு பங்கு உன்கூட உக்காந்து பேசி அளவு முடிவு பண்ற ஆளுக்குப் போற காசு. சீனாவுல விலை கம்மியா இருக்குறதுக்கு ஒரு காரணம் அந்த ஆளு அங்க இல்லாததுதான், அந்த வேலைய நீதான் பாக்கணும். இது வெளங்கிருச்சுன்னா மிச்சதெல்லாம் சின்ன விஷயம்.

வேலை மட்டமா இருக்குமோன்னு நெனைக்காத. டைட்டானியம் சைக்கிள்ங்குறது 1986 வாக்குல அமெரிக்காவுல மெர்லின், லைட்ஸ்பீடு ரெண்டும் ஆரம்பிச்சப்ப பெரிய அதிசயம், இப்ப அப்படி இல்ல. ஷான்ஷி மாகாணத்துல பாவ்ஜின்னு ஒரு ஊரு, சீனாவோட டைட்டானியம் தொழிலே அங்கதான் குவிஞ்சு கெடக்கு. பக்கத்துல ஷியான்ல எக்ஸ்ஏசிடி, கடலோரமா ஷியாமென்ல வால்ட்லி, இந்த ரெண்டு பேரும் பல வருசமா ஒத்தை ஃப்ரேமா ஆர்டர் எடுத்து செய்றவங்க. வெளிநாட்டு பிராண்டு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிற டைட்டானியம் ஃப்ரேம்லயே நெறைய இந்த மாதிரி பட்டறையிலருந்து போறதுதான். வெறும் ஃப்ரேம் மட்டும், நீ கேக்குற ஐட்டத்தைப் பொறுத்து, ஆயிரத்துலருந்து ஆயிரத்தைநூறு டாலருக்குள்ள நிக்கும்.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, உனக்கு நிஜமாவே கஸ்டம், அதாவது உன் அளவுக்குன்னே செய்றது வேணுமா. அஞ்சரை அடி ஆளு, சாதாரண உடம்புவாகுன்னா நான் வேணாம்னுதான் சொல்லுவேன், கடையில நிக்கிற சைஸ்ல ஸ்டெம்மை மாத்துனா முடிஞ்சு போச்சு. உன் கேஸ் வேற. காலு நீளம் உடம்பு குட்டைன்னா உனக்கு ஸ்டாக் (ஃப்ரேமோட முன்பக்க உசரம்) ஜாஸ்தியாவும் ரீச் (முன்னாடி நீளுற தூரம்) கம்மியாவும் இருக்கணும், கம்பெனிக்காரன் சைஸ் ஏற ஏற ரெண்டையும் சேத்தே ஏத்துவான், அதனால 58 எடுத்தாலும் 61 எடுத்தாலும் நீ நீட்டிப் படுக்கத்தான் செய்வ. அதுக்குத்தான் கஸ்டம். டைட்டானியம் போட்டா வேகமா போலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாத. அதே காசுக்கு கார்பன் இதைவிட லேசா கெடைக்கும். டைட்டானியத்துல உனக்குக் கெடைக்கிறது துருப் பிடிக்காது, பெயிண்ட் உரியாது, லேசா விழுந்து எந்திரிச்சா பயந்து பயந்து தட்டிப் பாக்க வேண்டியதில்ல. ராமேஸ்வரம் பக்கம் ஒரு நாள் ஓட்டிட்டு வந்து வண்டிய கழுவாம போட்டுப் பாரு, மண்டபம் தாண்டுனதும் அடிக்கிற உப்புக் காத்துக்கு செயினும் போல்ட்டும் காலையில சிவந்து நிக்கும். ஃப்ரேம் மட்டும் நேத்து இருந்த மாதிரியே இருக்கும்.

சரி அளவுக்கு வருவோம், இதுலதான் நீ நேரம் செலவு பண்ணனும். அவங்க ஒரு ஃபாரம் அனுப்புவாங்க, உசரம், இன்சீம் (காலிடுக்குலருந்து தரை வரைக்கும்), கை நீளம், தோள் அகலம், வெயிட்டுன்னு. அதை மட்டும் நிரப்பி அனுப்புனா சராசரி கணக்குல ஒண்ணு வரைஞ்சு அனுப்புவாங்க, அது உனக்குப் பொருந்துறது அதிர்ஷ்டம். மதுரை புதுமண்டபத்துல தையல் கடைங்க இருந்தப்ப தைக்கக் குடுத்திருந்தா தெரியும், டெய்லர் டேப்பை எடுக்குறதுக்கு முன்னாடி அளவு சட்டை கொண்டாந்திருக்கீங்களான்னுதான் கேப்பாரு. உனக்கு அளவு சட்டை நீ இப்ப ஓட்டுற வண்டி. அதை முதல்ல உனக்கு ஒத்து வர்ற மாதிரி செட் பண்ணு, அசிங்கமா இருந்தாலும் பரவால்ல, குட்டை ஸ்டெம் போடு, மேல தூக்குன ஸ்டெம் போடு, ஹேண்டில்பாரை ஏத்து, நல்ல ஃபிட்டர் கெடைச்சா ஒரு தடவை காசு குடுத்து பாத்துக்க. அந்த செட்டிங்ல ஒரு 200 ஓட்டு, கழுத்து வலிக்கலன்னா அதுதான் உன் அளவு.

அப்புறம் வண்டிய சமதரையில நேரா நிறுத்தி வீட்ல யாரையாச்சும் புடிக்கச் சொல்லிட்டு, கொத்தனாருகிட்ட இருக்குற தூக்குக்குண்டு ஒண்ணு, இரும்பு டேப் ஒண்ணு எடுத்துக்க. பாட்டம் பிராக்கெட் (பெடல் கிராங்க் சுத்துற கூடு) நடு மையத்துலருந்து சீட் டியூப் வாக்குல சீட் மேல் மட்டம் வரைக்கும் எம்புட்டு. சீட் மூக்குலருந்து குண்டைத் தொங்க விட்டா அந்த நூலு பாட்டம் பிராக்கெட் மையத்துக்கு எம்புட்டு பின்னாடி விழுகுது. சீட் மூக்குலருந்து பிரேக் ஹூட் (பிரேக் புடி மேல கை வைக்கிற ரப்பர் மூடி) நடு வரைக்கும் எம்புட்டு. தரையிலருந்து சீட் உசரம், தரையிலருந்து ஹூட் உசரம், ரெண்டுக்கும் வித்தியாசம். ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை எடு, ரெண்டும் ஒத்து வரலைன்னா மூணாவது எடு. சீட்டு எந்த மாடல், கிராங்க் நீளம், ஸ்டெம் நீளம், ஹேண்டில்பார் ரீச் இதையும் கூடவே எழுதிரு. இந்த அளவை அனுப்பி, இதே பொசிஷன் வேணும், ஆனா 90 மி.மீ ஸ்டெம்மோட, கீழ 15 மி.மீ ஸ்பேசரோடன்னு சொல்லு. அப்பத்தான் பின்னாடி ஏத்த இறக்க உனக்கும் கொஞ்சம் இடம் இருக்கும்.

டிராயிங் வந்ததும் அவசரப்படாத. நான் பாத்த வரைக்கும் எல்லாரும் இடறி விழுகுறது ஃபோர்க்குலதான், அதாவது முன்சக்கரத்தைப் புடிச்சிருக்குற கவட்டையில. ஃப்ரேமுக்கு ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் நுழையுற முன்கொழாயோட (ஹெட் டியூப்) சாய்வு, 72 டிகிரின்னு போட்டிருப்பாங்க, அது ஒரு குறிப்பிட்ட ஃபோர்க் நீளத்துக்குக் கணக்குப் போட்டது. திருநகர்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு டிராயிங்ல ரோடு ஃபோர்க் கணக்குக்கு, அதாவது ஆக்சில்லருந்து கிரவுன் (ஃபோர்க்கோட மேல்தோள்) வரைக்கும் 375 மி.மீன்னு இருந்ததைக் கவனிக்காம ஓகே சொல்லிட்டு, ஆஃபர்ல கெடைச்சுச்சுன்னு 395 மி.மீ கிராவல் (மண்ரோடு சைக்கிள்) ஃபோர்க்கு வாங்கி மாட்டிட்டாரு. 20 மி.மீதானேன்னு தோணும். முன்னாடி அம்புட்டுத் தூக்குனா ஹெட் ஆங்கிள், சீட் ஆங்கிள் ரெண்டும் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னாடி சாயும், பாட்டம் பிராக்கெட் 8 மி.மீ மேல ஏறும். கஸ்டம்னு சொல்லி காசைக் கொட்டி வாங்குன ஃப்ரேமு, கடையில நிக்கிறதைவிடக் கேவலமா திரும்புச்சு. அதனால ஃபோர்க்கை முதல்ல முடிவு பண்ணு, அவங்ககிட்டயே வாங்குனாலும் சரி வெளிய வாங்குனாலும் சரி, அதோட நீளமும் ரேக்கும் (ஸ்டீயரிங் கோட்டுக்கு சக்கர அச்சு எம்புட்டு முன்னாடி தள்ளி இருக்குங்குற அளவு) டிராயிங்ல எழுத்துல இருக்கணும்.

டிரெயில், அதாவது ஸ்டீயரிங் கோட்டுக்கு எம்புட்டு பின்னாடி முன்டயர் தரையத் தொடுதுங்குற அளவு, நீயே போட்டுப் பாத்துரலாம், ஒண்ணும் கஷ்டமில்ல. சக்கர ஆரத்தை ஹெட் ஆங்கிளோட கொசைனால (cos) பெருக்கு, அதுலருந்து ரேக்கைக் கழி, வந்ததை அதே கோணத்தோட சைனால (sin) வகு. 700க்கு 32 டயர்னா ஆரம் 343 மி.மீ வரும், 72 டிகிரி, ரேக் 50ன்னா 59 மி.மீ கிட்ட வரும். ராத்திரி பூரா தூக்கக் கலக்கத்துல ஓட்டுற பிரெவேக்கு 57லருந்து 62க்குள்ள இருந்தா எனக்குப் பிடிக்கும், இதுல ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கு, சண்டைக்கு வராதீங்க. இன்னொண்ணு, சீட் டியூப் நீளம் போட்டிருக்குறது மையத்துலருந்து டியூப் உச்சி வரைக்குமா இல்ல டாப் டியூப் (மேல் கொழா) மையம் வரைக்குமான்னு கேட்டுக்க. ரெண்டுக்கும் நாலஞ்சு செ.மீ வித்தியாசம் வரும்.

உன் வெயிட்டுக்கு டியூப் சைஸ் ரொம்ப முக்கியம். டைட்டானியம் இரும்புல பாதி விறைப்புதான், எடையிலயும் பாதிக்குக் கொஞ்சம் மேல. அதனால இரும்பு ஃப்ரேம் மாதிரி ஒல்லிக் கொழா போட்டா ரப்பர் மாதிரி வளையும். விறைப்பு கொழாயோட தடிமனைவிட விட்டத்துலதான் இருக்கு, விட்டத்தைப் பத்து சதவீதம் ஏத்துனா விறைப்பு முப்பது சதவீதத்துக்கு மேல ஏறும். 65 கிலோ ஆளுக்கு 38 மி.மீ டவுன் டியூப் (ஹெட் டியூப்லருந்து பாட்டம் பிராக்கெட்டுக்கு எறங்குற கொழா) சுகமா இருக்கும். நீ 92 கிலோ, ஃப்ரேமும் பெருசு, பையி லைட்டு தண்ணின்னு கூட ஒரு அஞ்சாறு கிலோ, அதோட கொடைக்கானல்லருந்து வத்தலக்குண்டு எறக்கத்துல 60 வேகத்துல வரும்போது ஹேண்டில்பார் ஆட ஆரம்பிச்சா அந்தப் பயம் வாழ்நாளுக்கும் போகாது. 44 மி.மீ டவுன் டியூப் கேளு, டாப் டியூப்பையும் ஒரு சைஸ் ஏத்தச் சொல்லு. வெயிட்டை அவங்ககிட்ட குறைச்சுச் சொல்லாத, சிலபேரு கூச்சப்பட்டு 80ன்னு எழுதுறாங்க.

உலோகம் கிரேடு 9 போதும், அதாவது 3 சதவீதம் அலுமினியம் 2.5 சதவீதம் வனேடியம் கலந்தது, விமானத்துல ஹைட்ராலிக் கொழாய்க்குன்னு வந்த சரக்கு. கிரேடு 5ன்னு 6 சதவீதம் அலுமினியம் 4 சதவீதம் வனேடியம் கலவை ஒண்ணு இருக்கு, பலம் ஜாஸ்தி, ஆனா கொழாயா இழுக்குறது கஷ்டம், டிராப்அவுட் (பின்சக்கர அச்சு மாட்டுற இடம்) மாதிரி கெட்டித் துண்டுக்கு அது இருந்தா நல்லது. ஃப்ரேம் பூரா கிரேடு 5ன்னு எக்ஸ்ட்ரா காசு கேட்டா வேணாம்னுரு. பட்டட் கொழாய்க்கு (நடுவுல மட்டும் மெலிசாக்குனது) குடுக்குற காசுக்கு நூறு இருநூறு கிராம் குறையும், உனக்கு அது தேவையில்ல.

பார்ட்ஸ் விஷயத்துல ஒரே யோசனைதான், நடுராத்திரி ஆண்டிபட்டியில வண்டி நின்னா என்ன கெடைக்கும்னு யோசி. பாட்டம் பிராக்கெட் பிஎஸ்ஏ த்ரெட் (மரையில திருகுற ரகம்) 68 மி.மீ, பிரஸ்ஃபிட் (அமுக்கி ஏத்துற ரகம்) பக்கமே போகாத. ஹெட் டியூப் 44 மி.மீ, கேபிள் பூரா வெளியவே ஓடட்டும், ஹெட்செட்டுக்குள்ள (ஹெட் டியூப் பேரிங்) நுழைக்கிற ஃபேஷன்லாம் பேரிங் மாத்துறப்ப உசுரை எடுக்கும். பின்னாடி கியர் தொங்குற ஹேங்கருக்கு யூடிஹெச் (பல பிராண்டு வண்டிக்கும் பொதுவான ரகம்) கேளு, எஸ்ராம் கம்பெனி 2019ல கொண்டாந்தது, இப்ப ஆன்லைன்ல சுலபமா கெடைக்குது. பட்டறைக்காரன் தானா டிசைன் பண்ண ஹேங்கர்னா ரெண்டு எக்ஸ்ட்ரா சேத்து வாங்கிரு. த்ரூ ஆக்சிலோட (சக்கரத்து நடுவுல நுழைச்சுத் திருகுற அச்சு) த்ரெட் பிட்ச், அதாவது மரை இடைவெளி, 1.0ஆ 1.5ஆன்னு எழுதி வாங்கிக்க. மட்கார்டு, கேரியர் ஓட்டை, 35 மி.மீ டயர் மட்கார்டோட போற இடம், அப்புறம் பாட்டிலுக்கு மூணு இடம். அக்னி நட்சத்திரத்துல மானாமதுரை தாண்டி ஒரு தடவை போனா மூணாவது பாட்டில் எதுக்குன்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

வெல்டிங் பத்தி. டைட்டானியம் சூடா இருக்கும்போது காத்தைக் குடிச்சிரும், ஆக்சிஜன் நைட்ரஜன் உள்ள போனா மொறுமொறுன்னு ஆகி பின்னாடி வெடிப்பு விடும். அதனால வெளியயும், கொழாய்க்கு உள்ளயும் ஆர்கான் ஓட விட்டுத்தான் பத்த வைப்பாங்க. நல்ல வெல்டு வெள்ளியாவோ லேசா வைக்கோல் நிறத்துலயோ இருக்கும், கரு நீலம், சாம்பல், வெள்ளைப் பொடின்னா சந்தேகப்படு. ஆனா உன் கைக்கு வரும்போது பிரஷ்ஷோ பிளாஸ்ட்டோ பண்ணி நிறத்தை அழிச்சிருப்பாங்க, அதனால பாலிஷ் பண்றதுக்கு முன்னாடி போட்டோ கேளு, அதுலயும் பாட்டம் பிராக்கெட் உள்பக்கம், ஹெட் டியூப் உள்பக்கம் கேளு. உள்ள சுத்தமா இருந்தா மனசைத் தேத்திக்கலாம். இதே காரணத்துக்குத்தான் என்னைக்காச்சும் வெடிப்பு விட்டா நம்ம ஊரு பட்டறையில ஒரு ஓட்டு ஓட்டிருங்கன்னு குடுத்துராத, உள்ள ஆர்கான் இல்லாம பத்த வச்சா இருந்ததும் போச்சு. வாரன்டி இருக்கும், ஆனா ஃப்ரேமை அங்க அனுப்புற செலவு உன் தலையில.

காசு அனுப்புறது. பொதுவா பாதி முன்பணம், மிச்சம் ஃப்ரேம் முடிஞ்சு போட்டோ பாத்ததும். பேபால்ல வாங்குனா ஃபீஸ் கூடும், ஆனா தகராறு வந்தா கேக்க ஒரு இடம் இருக்கு. பேங்க் வழியா போட்டா புரோஃபார்மா இன்வாய்ஸ் (விக்கிறவங்க முன்கூட்டியே தர்ற பில்லு) கேப்பாங்க, சரக்கு வந்ததுக்கு ஆதாரமா பில் ஆஃப் என்ட்ரியும் (கஸ்டம்ஸ் இறக்குமதிச் சீட்டு) பின்னாடி கேப்பாங்க, பத்திரமா வையி. நடுவுல எங்க அக்கவுண்ட் மாறிருச்சு, புது நம்பருக்குப் போடுங்கன்னு மெயில் வந்தா ஒரு பைசா அனுப்பாத, வீடியோ கால்ல பேசி உறுதி பண்ணு. பட்டறை நேர்மையா இருந்தாலும் அவங்க மெயிலை ஒருத்தன் உடைச்சு உள்ள உக்காந்திருப்பான், உலகம் பூரா நடக்குற திருட்டு இது.

கஸ்டம்ஸ். சைக்கிள் ஃப்ரேம், ஃபோர்க்குக்கு ஹெச்எஸ் கோடு (கஸ்டம்ஸ்ல சரக்கு வகைக்கு உள்ள நம்பர்) 8714 91, இன்வாய்ஸ்லயும் பொட்டி மேலயும் அது இருக்கணும்னு முன்னாடியே சொல்லிரு, ஆனா கூரியர்காரங்க சொந்த உபயோகப் பொருள்னு 9804ல போடவும் செய்வாங்க, அப்ப ரேட்டு வேற, எதுல போடுவாங்கன்னு முன்னாடியே கேட்டுக்க. டூட்டி உன் ஃப்ரேம் விலைக்கு மட்டும் இல்ல, ஷிப்பிங் இன்சூரன்ஸ் சேத்த தொகைக்கு. அந்த டூட்டி மேல 10 சதவீதம் சர்சார்ஜ், எல்லாம் கூட்டி அது மேல ஐஜிஎஸ்டி, சைக்கிள் பார்ட்ஸுக்கு 2025 செப்டம்பர் 22லருந்து 5 சதவீதம். டூட்டி ரேட்டு பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், ஆர்டர் போடுற அன்னைக்கு கஸ்டம்ஸோட ஐஸ்கேட் சைட்ல பாத்துக்க. கணக்கு எப்படி ஓடும்னா, ஒரு பேச்சுக்கு டூட்டி 20ன்னு வையி, ஷிப்பிங்கோட 1,20,000 ரூபா. டூட்டி 24,000, சர்சார்ஜ் 2,400, கூட்டுனா 1,46,400, அதுல 5 சதவீதம் 7,320. ஆக வரி மட்டும் 33,720. இதுக்கு மேல கூரியர்காரங்க கிளியரன்ஸ் ஃபீஸ்னு தனியா ஒண்ணு போடுவாங்க. கேஒய்சி கேப்பாங்க, ஆதார் பான் ரெடியா வையி, சொந்த உபயோகத்துக்கு ஐஇசி (இறக்குமதி ஏற்றுமதி பண்றவங்களுக்குக் குடுக்குற நம்பர்) தேவையில்ல. இன்வாய்ஸை 200 டாலர்னு போட்டுத் தரட்டுமான்னு சில பேரு அவங்களா கேப்பாங்க, வேணாம்னு சொல்லிரு. மாட்டுனா அபராதம், தொலைஞ்சா இன்சூரன்ஸும் அந்த 200 டாலருக்குத்தான்.

இப்ப உன் ஒன்றரை லட்சம் ஃப்ரேமுக்கும் வரிக்குமே சரியாப் போச்சா, ஃபோர்க், ஹெட்செட், சீட்போஸ்ட், கட்டுற கூலி தனி. கார்பன் ஃபோர்க்கு நல்லதுன்னா இன்னும் ஒரு முப்பதாயிரமாச்சும் ஒதுக்கு. பழைய வண்டியிலருந்து குரூப்செட் (கியர், பிரேக், கிராங்க் எல்லாம் சேந்தது), வீல் மாத்திக்கலாம்னு நெனைச்சிருப்ப, அது டிஸ்க் பிரேக், பின்னாடி 12 மி.மீ தடிமன் 142 மி.மீ அகலத்துக்கான த்ரூ ஆக்சிலான்னு பாரு, ரிம் பிரேக் வண்டின்னா கணக்கு எங்கயோ போயிரும். அப்படின்னா ஆறு மாசம் பொறுத்து காசு சேத்துக்க, இல்லைன்னா அதே டிராயிங்கை வச்சு இரும்புல செஞ்சு வாங்கு, கழுத்துக்கு அதுவும் இதே மருந்துதான்.

எப்படியும் ரெண்டு மூணு மாசம் ஆகும், நடுவுல சீனப் புத்தாண்டு வந்தா ஜனவரி பிப்ரவரியில பட்டறை பூட்டிருவாங்க. பிரெவே தேதிய மனசுல வச்சு ஆர்டர் போடு, புது ஃப்ரேம்ல நேரா 600 போயி நிக்காத, 40 மணி நேரம் உக்காரப்போற சீட்டு அது.

பொட்டி வந்ததும் கடைக்குத் தூக்கிட்டு ஓடாம வீட்ல வச்சு ஒரு சோதனை பண்ணு. நைலான் நூலை இடது டிராப்அவுட்ல கட்டி, ஹெட் டியூப் முன்னாடி சுத்திக் கொண்டாந்து வலது டிராப்அவுட்ல இறுக்கிக் கட்டு. ரெண்டு பக்க நூலுக்கும் சீட் டியூப்புக்கும் நடுவுல உள்ள இடைவெளிய வெர்னியர்ல எடு. ஒரு மி.மீ வித்தியாசம்னா விட்டுரு, மூணு மி.மீன்னா போட்டோ எடுத்து அன்னைக்கே அனுப்பிரு. வண்டி கட்டி ஓட்டுனதுக்கு அப்புறம் சொன்னா எடுபடாது. பாட்டம் பிராக்கெட் கப்பை கையால திருகிப் பாரு, பாதி வரைக்குமாச்சும் ஸ்பேனர் இல்லாம போகணும், போகலைன்னா பெயின்ட்டோ பொடியோ அடைச்சிருக்கும், கடையில மரை வெட்டுற டேப் (tap) போட்டு சுத்தம் பண்ணச் சொல்லு. த்ரெட் உள்ள இடம் எல்லாத்துலயும் ஆன்டிசீஸ் பேஸ்ட் தடவித்தான் மாட்டணும், சும்மா மாட்டுனா டைட்டானியம் கவ்விக்கிட்டு விடாது. அலுமினியம் சீட்போஸ்ட்டுக்கும் அதேதான், கார்பன் போஸ்ட்டுன்னா கார்பன் பேஸ்ட். மெக்கானிக்கு கிரீஸ் போதும் சார்னு சொல்லுவாரு, பேஸ்ட் டியூப்பை நீயே வாங்கிட்டுப் போயி பக்கத்துல நின்னுக்க.

டிராயிங் வந்ததும் ஓகே சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு அனுப்பி விடு, கூடவே நீ எடுத்த அளவையும் ஃபோர்க் மாடலையும் அனுப்பு, சேத்து வச்சுப் பாப்போம்.